அம்மாவின் நெளி மோதிரமும் நான்கு மில்லிமீட்டரும்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை, வார்டு சிஸ்டர் அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, "தாலி, தோடு எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டீர்கள், சரி. மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்" என்றார். அம்மா சிரித்தார். "அது வராது தாயி. கடைசியாகக் கழன்று வந்து இருபது வருடம் ஆகிறது."

அது 1974-இல் அப்பா போட்ட நெளி மோதிரம். அரைப் பவுன், அதாவது நான்கு கிராம். அலை அலையாக வளைந்த கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மேற்பக்கம். அடியில் மெலிந்த பட்டை. கல்யாணத்தின்போது அம்மாவின் விரல் மெலிந்திருந்தது. மூன்று பிள்ளைப்பேறும் ஐம்பது வருடச் சமையலும் கடந்த விரல் அப்படியே இருக்குமா? மோதிரம் இருந்த இடத்தில் இருக்க, சதை இரண்டு பக்கமும் எழும்பிக்கொண்டது. வெளியே இருந்து பார்த்தால் மோதிரம் விரலில் முளைத்தது போலத்தான் தெரியும்.

சோப்பு போட்டோம், தேங்காய் எண்ணெய் போட்டோம். ஒவ்வொரு முயற்சியிலும் விரல் கணு இன்னும் கொஞ்சம் வீங்கியது. இழுக்க இழுக்க வீங்கும், வீங்க வீங்க இறுகும். அந்தச் சிஸ்டர்தான் எங்களை நிறுத்தினார். அம்மாவின் கையைத் தலைக்கு மேல் தூக்கிவைக்கச் சொல்லி, ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை விரலில் சுற்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு வழவழப்பான பட்டு நூல் ஒன்றை எடுத்தார். நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் வெளியே எடுத்துவிட்டார். மீதி நூலை, மோதிரத்தின் விளிம்பிலிருந்து தொடங்கி விரல் நுனியை நோக்கி, இடைவெளி இல்லாமல், பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல நெருக்கிச் சுற்றிக்கொண்டே போனார். கணுவைத் தாண்டியதும் நிறுத்தினார். பிறகு உள்ளங்கைப் பக்கம் இருந்த நுனியைப் பிடித்து, விரல் நுனியை நோக்கி மெல்லச் சுற்றிப் பிரித்தார். நூல் ஒவ்வொரு சுற்றாக விடுபட, மோதிரம் ஒவ்வொரு சுற்றாக மேலேறியது. கணுவின் மேல் வந்து நின்ற ஒரு நொடி அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். அவ்வளவுதான். மோதிரம் என் உள்ளங்கையில் விழுந்தது.

இந்த நூல் வித்தையை எல்லா வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். ஒன்று மட்டும்: விரல் நீலமாகவோ வெளிறியோ மரத்துப் போயிருந்தால் நூலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மோதிரத்தை வெட்டி எடுக்கும் சிறு கருவி அவர்களிடம் இருக்கும். தீயணைப்பு நிலையத்திலும் வெட்டிக் கொடுக்கிறார்கள். மோதிரத்தைப் பற்றவைத்துவிடலாம். விரலை அப்படிச் செய்ய முடியாது.

மோதிரம் போன இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பள்ளம் இருந்தது. ஓரத்தில் தோல் உரிந்து, ஈரமாக, சற்றுச் சிவந்திருந்தது. மோதிரத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். அலைக் கம்பிகளின் ஒவ்வோர் இடுக்கிலும் கறுப்பாக, கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. இருபது வருடத்துச் சோப்பும் மாவும் மஞ்சளும் எண்ணெயும். தங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, விரல் அரிக்கிறது என்று அம்மா பல தடவை சொன்னதுண்டு. ஒத்துக்கொள்ளாதது தங்கம் அல்ல என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அடியில் தேங்கிய சோப்புத் தண்ணீர் காய வழியில்லாமல் தோலை அரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அளவு தவறிய மோதிரமும் அழுக்கேறிய மோதிரமும் எனக்கு அன்றுவரை இரண்டு வேறு விஷயங்கள். அம்மாவின் விரலில் அவை ஒரே விஷயமாக இருந்தன. இறுகிய மோதிரத்தைக் கழற்ற முடியாது. கழற்றாத மோதிரத்தைக் கழுவ முடியாது.

அம்மா நடக்க ஆரம்பித்த இரண்டாவது மாதம், "அந்த மோதிரத்தை எனக்கு மறுபடி போட்டுக்கொள்கிற மாதிரி செய்து கொடு" என்றார். சரி, அளவு எடுப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு நுட்பமான வேலை என்று தெரிந்தது.

நம் ஊர்க் கடைகளில் 12, 14, 16 என்று சொல்லும் எண்ணுக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மோதிரத்தின் உட்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து அதிலிருந்து 40-ஐக் கழித்தால் ஏறக்குறைய அந்த எண் வரும். 54 மில்லிமீட்டர் சுற்றளவு என்றால் 14. 58 என்றால் 18. அம்மாவின் மோதிரம் 14. அமெரிக்காவில் இதே 14-ஐ 7 என்பார்கள். பிரிட்டனில் எண்ணே இல்லை, எழுத்துதான். அதனால் வெளிநாட்டில் இருப்பவருக்கு மோதிரம் வாங்கும்போது எண்ணைக் கேட்காமல், உட்சுற்றளவு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மில்லிமீட்டர் எந்த ஊரிலும் மில்லிமீட்டர்தான்.

இந்தக் கணக்கிலிருந்து தெரியவருவது, ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஒரு முழு அளவு தவறிவிடும் என்பது. நூலைச் சுற்றி அளக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நூல் இழுபடும். சுற்றும்போது ஒரு இழுப்பு, ஸ்கேலில் வைக்கும்போது வேறு இழுப்பு. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சர்வ சாதாரணமாக வந்துவிடும். நான் நோட்டுப் புத்தகத் தாளைப் பட்டையாக வெட்டிக்கொண்டேன். எவ்வளவு அகலம் என்றால், போடப்போகும் மோதிரத்தின் அகலம். மெல்லிய வளையம் போன்ற மோதிரம் சதையில் சற்று அமுங்கி இடம் பிடித்துக்கொள்ளும். அகலமான பட்டை அப்படி அமுங்காது. அது விரலில் அதிக இடத்தைப் பிடிக்கும். அதனால் அகல மோதிரத்துக்கு ஒரு அளவு, சில சமயம் ஒன்றரை அளவு கூடுதலாக வேண்டும். V வடிவ வங்கி மோதிரம், நெளி மோதிரம், கல் வைத்த பெரிய மோதிரம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கடையில் மெல்லிய அளவு வளையத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அகல மோதிரத்துக்கு ஆர்டர் கொடுத்து, பிறகு இறுகுகிறது என்று நடப்பவர்கள் நிறைய.

தாளை விரலின் அடியில் சுற்றி, விளிம்பு மேலேறும் இடத்தில் கூர்மையான பென்சிலால் கோடு போட்டு, விரித்து, இரும்பு ஸ்கேலில் அளந்தேன். அடிவிரல் காலை ஆறு மணிக்கு 56. மாலை ஆறு மணிக்கு 57. கணு 59. அடுத்த இரண்டு நாளும் இதையே செய்தேன். சித்திரை மாதத்து மதுரை வெயிலில், கறிவேப்பிலைக் கொத்தை உருவிக்கொண்டே அம்மா கையை நீட்டினார். "விரல் ஒன்றுதானே, எத்தனை தடவை அளப்பாய்?" என்று கேட்டார். விரல் ஒன்றுதான். ஆனால் காலையில் இருப்பது போல் மாலையில் இருப்பதில்லை. வெயிலில் ரத்தக் குழாய்கள் விரிந்து விரல் பருக்கும். ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட மறுநாள் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வீங்கும். பிள்ளை உண்டாகி இருக்கும் மாதங்களில் சொல்லவே வேண்டாம். குளிரில் சுருங்கும். என் தங்கை டொரொண்டோவுக்குப் போன முதல் ஜனவரியில், இங்கே மே மாதத்தில் அளவெடுத்துப் போட்ட மோதிரம் கையுறையைக் கழற்றும்போது கூடவே கழன்று பனியில் விழுந்துவிட்டது. வசந்தம் வரும்வரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் அங்கே போய் ஒரு மாதம் கழித்து அளவெடுப்பது நல்லது.

கணு அடிவிரலைவிடப் பருமனாக இருப்பவர்களுக்குச் சங்கடம் இரட்டிப்பு. கணுவுக்கு அளவெடுத்தால் அடியில் சுழலும். அடிக்கு அளவெடுத்தால் ஏறாது. போடும்போது கணுவில் மெல்லிய தடையோடு ஏறி, கழற்றும்போது கொஞ்சம் திருகினால் வந்துவிடுவதே சரியான அளவு. கையை உதறினாலும் நழுவக்கூடாது. சுழலுகிறது என்றால் மோதிரத்தின் உள்ளே, அடிப்பக்கத்தில் கடுகளவு தங்கக் குண்டுகள் இரண்டு வைத்துத் தரச் சொல்லலாம். நம் வீடுகளில் தளர்ந்த மோதிரத்துக்கு அடியில் நூல் சுற்றிக்கொள்வோம். அவசரத்துக்குச் சரி. அந்த நூல் வேர்வையையும் சோப்பையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு விரலைப் புண்ணாக்கும். கல்யாணம் முடிந்த மறுவாரமே பட்டறைக்குப் போய்விடுங்கள்.

கல்யாணம் என்றதும் மாப்பிள்ளை மோதிரம் நினைவுக்கு வருகிறது. என் சித்தி மகள் நிச்சயத்தில், பெண் வீட்டார் அன்போடு செய்து கொண்டுவந்த மோதிரம் மாப்பிள்ளையின் கணுவில் நின்றுவிட்டது. புரோகிதர் அவசரப்படுத்த, மாமா அழுத்த, மாப்பிள்ளையின் முகம் சிவந்ததை யாரும் மறக்கவில்லை. கடைசியில் சுண்டு விரலில் போட்டு முடித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். சம்பந்தியம்மாவிடம் மாப்பிள்ளை போட்டுக்கொள்ளும் பழைய மோதிரம் ஒன்றைக் கால் மணி நேரத்துக்குக் கேட்டு வாங்குவோம். கனமான தாளை இறுக்கமாகக் குழலாகச் சுருட்டி மோதிரத்துக்குள் விட்டு, கையை எடுத்தால் தாள் விரிந்து உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே செலோடேப் ஒட்டிவிட்டு மோதிரத்தை உருவிக்கொள்ளலாம். அந்தக் குழலின் சுற்றளவுதான் அளவு. குறுக்கே ஸ்கேல் வைத்து விட்டத்தை அளப்பதைவிட இது பல மடங்கு மேல். விட்டத்தில் அரை மில்லிமீட்டர் தவறினால் சுற்றளவில் ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அளவு போய்விடும். எந்தக் கையின் எந்த விரலில் போடும் மோதிரம் என்று கேட்டுக்கொள்ள மறக்கக்கூடாது. வேலை செய்யும் கையின் விரல் பெரும்பாலும் சற்றுப் பருத்திருக்கும்.

அம்மாவின் மோதிரத்தை எடுத்துக்கொண்டு தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் பத்தரிடம் போனேன். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வேலை செய்யும் பட்டறை. அம்மாவும் ஆட்டோவில் கூட வந்தார். விரலைப் பத்தரே பார்க்கட்டும் என்று. அளவு வளையக் கொத்தில் 17 ஏறியது. 18 வசதியாக உட்கார்ந்தது. "மெல்லிசு மோதிரமாக இருந்தால் பதினேழு போதும் தாயி. இது நெளி. பதினெட்டு வைப்போம்" என்றார். என் தாள் சொன்னதும் அதுதான் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான்கு மில்லிமீட்டர் தங்கம் சேர்க்க வேண்டும். மோதிரத்தை முதலில் எடை போட்டு எழுதிக் கையில் கொடுத்தார். இதைக் கேட்டு வாங்க யாரும் வெட்கப்படக்கூடாது. நல்ல பத்தர் கேட்காமலே கொடுப்பார். உரைகல்லில் உரைத்து மாற்று, அதாவது தங்கத்தின் தரம், பார்த்தார். 1974-இல் ஹால்மார்க் என்ற தர முத்திரை கிடையாது. தங்கத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) ஹால்மார்க் வந்தது 2000-இல்தான். இன்று வாங்கும் நகையில் அந்த அமைவனத்தின் முத்திரை, 22 காரட் என்றால் 916 என்ற எண், பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான எச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக்கூடாது. அந்தக் குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். மோதிரத்தைப் பெரிதாக்கும்போது அந்த முத்திரை இருக்கும் இடத்தை வெட்டாமல் வேறு இடத்தில் வெட்டச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன்பே அந்த இடத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தர் மரக்கட்டையில் மோதிரத்தைப் பொருத்தி, தலைமுடி போன்ற ரம்பத்தை எடுத்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அலையைத் தொடமாட்டேன் அக்கா. அடிப்பட்டையில்தான் வெட்டு" என்றார் பத்தர். மடியில் விரித்த தோலில் பொன் துகள் மின்னியது. ஒரு துகளையும் விடாமல் தூரிகையால் கூட்டி வைத்தார். இந்தச் சந்துகளின் மண்ணை வாரிக்கொண்டு போய் அலசிப் பொன் எடுத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூரிகையைப் பார்த்தபோது அதன் அருமை தெரிந்தது. வெட்டிய வாயை விரித்து, அதே மாற்றில் அடித்து வைத்திருந்த சின்னத் துண்டைச் செருகினார். வெண்காரத்தைக் குழைத்துத் தடவி, உருகி ஒட்டவைக்கும் பற்றாசுத் துகளைத் துளித் துளியாக வைத்தார். பட்டறையில் அதற்குப் பொடி என்று பெயர். நாம் பேச்சில் 'பொடி வைத்து ஊதுகிறான்' என்கிறோமே, அந்தப் பொடி. குழலை வாயில் வைத்து ஊதினார். சுடர் கத்தி போல நீண்டு மோதிரத்தைத் தொட்டது. தங்கம் சிவந்தது. ஒரு கணம் பொடி தண்ணீராக ஓடி இரண்டு வாய்க்குள்ளும் புகுந்து ஒளிர்ந்தது. ஊதுவது நின்றது. அந்த ஒரு கணத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தால் பற்றியிருக்காது. தாண்டியிருந்தால் பக்கத்து அலைக் கம்பி உருகியிருக்கும்.

சேர்த்த தங்கம் இருநூறு மில்லிகிராமுக்குச் சற்று மேல். அடிப்பட்டை மெல்லியது என்பதால் அவ்வளவுதான் ஆனது. சுற்றிலும் ஒரே கனமாக இருந்தால் முன்னூறு வந்திருக்கும்.

அவர் அரம் போட்டு மெருகேற்றிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் எப்படிக் கழுவுவது என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு சட்டியைக் காட்டினார். அதில் பூந்திக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. எங்கள் பாட்டி பட்டுப்புடவைக்கு வைத்திருந்ததும் அதே கொட்டைதான். நான்கைந்து கொட்டையை உடைத்து, விதையை எடுத்துவிட்டு, தோலை இரவு முழுவதும் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். அழுக்கை எடுக்கும், தங்கத்தைத் தொடாது. கிடைக்காதவர்கள் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டுக்கொண்டாலும் போதும். பத்து நிமிடம் ஊறிய பிறகு குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷால், மோதிரத்தின் உட்புறத்தில் ஆரம்பித்துத் தேய்க்க வேண்டும். எல்லோரும் மேற்புறத்தைத் தேய்க்கிறோம். அழுக்கு இருப்பதோ உள்ளே. வாஷ்பேசினில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவவே கூடாது. ஒரு கிண்ணம், அதற்கடியில் ஒரு தட்டு. கழுவிய தண்ணீரை வடிகட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். ஒரு திருகாணியோ ஒரு சிறு கல்லோ அதில் கிடக்கும்.

பற்பசை வேண்டவே வேண்டாம். 22 காரட் தங்கம் மிக மென்மையானது. பற்பசையில் இருக்கும் தேய்ப்புத் துகள், கண்ணுக்குத் தெரியாத கீறல்களால் மெருகை மங்க வைக்கும். தேய்த்த அன்று பளபளக்கும். ஆறு மாதத்தில் மங்கும். மறுபடி தேய்க்கத் தோன்றும். பளபளப்பு என்று நாம் நினைப்பது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தங்கத்தைத் தேய்த்து எடுப்பதுதான். அலைக் கம்பியின் முகடுகள் அப்படித்தான் தட்டையாகின்றன.

அம்மாவின் மூக்குத்தியையும் அன்று கழற்றிக் கழுவினோம். ஏழு கல் வைரப் பேசரி. பத்து வருடமாக மங்கிக் கிடந்தது. வைரம் சுமார்தான் போலிருக்கிறது என்று அத்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். வைரத்துக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் அதில் ஒட்டாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிச் சுரங்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கொழுப்புத் தடவிய மேசையின் மேல் மண்ணும் கல்லும் கலந்த தண்ணீரை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தை வழித்து எடுத்தார்கள். அதே குணத்தோடுதான் அது நம் மூக்கில், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் மஞ்சளுக்கும் முகக் கிரீமுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் பிசுக்கு அடைத்தால் உள்ளே போன வெளிச்சம் சரியாகத் திரும்பி வராது. ஷாம்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, பின்பக்கம் பிரஷ் போட்டு, இரண்டு தடவை தண்ணீர் மாற்றி எடுத்தோம். மறுநாள் காலையில் பால்காரர்கூட அம்மாவிடம், புது மூக்குத்தியா என்று கேட்டார்.

எல்லாக் கல்லுக்கும் இப்படிக் கழுவுவது ஆகாது. பின்பக்கம் மூடிய கட்டுக்குள், கல்லுக்கு அடியில் தகடு வைத்துப் பதித்த கெம்பு நகைகளை, நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகள் போன்றவற்றை, தண்ணீரில் போடவே கூடாது. கல்லுக்குப் பின்னால் இருக்கும் தகடும் அரக்கும்தான் அதற்கு உயிர். ஈரம் உள்ளே புகுந்தால் கல் குருடாகிவிடும். உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுப்பது மட்டுமே. மரகதத்தில் இயற்கையாகவே உள்வெடிப்புகள் இருக்கும். அவற்றைப் பெரும்பாலும் எண்ணெய் கொண்டு நிரப்பியிருப்பார்கள். வெந்நீரிலும் கடையின் அதிர்வு இயந்திரத்திலும் அந்த எண்ணெய் வெளியேறி, இல்லாதது போலிருந்த கோடுகள் எல்லாம் தெரிய வரும்.

முத்தும் பவளமும் இன்னும் மென்மை. இரண்டும் நீர்வாழ் உயிர் தந்த சுண்ணாம்பு. பித்தளைக் குத்துவிளக்கு பளிச்சென்று ஆனதைப் பார்த்த என் பெரியம்மா, மீதி இருந்த புளித்தண்ணீரில் தன் பவள மாலையையும் போட்டுவிட்டார். எடுக்கும்போது மேற்பரப்பு வெளிறி, சுண்ணாம்பு தடவியது போல் ஆகியிருந்தது. புளியின் அமிலம் தின்றுவிட்டது. அந்த மாலை அவருடைய அம்மா கொடுத்தது. நாற்பது வருடம் கடந்தும் அந்த நாளைச் சொல்லும்போது பெரியம்மாவின் குரல் இறங்கும். வேர்வையிலும் சென்ட்டிலும்கூட முத்து மெல்ல மங்கும். அதனால் சென்ட், பவுடர், பூ எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக முத்தைப் போட்டு, வீடு திரும்பியதும் முதலில் முத்தைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலரவிட வேண்டும்.

வெள்ளிக்கு வருவோம். கொலுசும் மெட்டியும் கறுப்பது அழுக்கால் அல்ல. காற்றிலும் வேர்வையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுக்கிறது. விபூதி போட்டுத் தேய்த்தால் கறுப்பு போகும். கூடவே அந்தக் கறுப்பாக மாறியிருந்த வெள்ளியும் போகும். பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, ஒரு கரண்டி சமையல் சோடா போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அழுகிய முட்டை வாடை லேசாக வரும். கந்தகம் வெள்ளியை விட்டுப் போகிறது என்று அர்த்தம். கறுப்பு திரும்ப வெள்ளியாகவே மாறும், எடை குறையாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கல் வைத்த வெள்ளியையும், வேலைப்பாடு தெரிவதற்காக வேண்டுமென்றே கறுப்பேற்றிய வெள்ளியையும் இதில் போடாதீர்கள். இன்னொன்று, கொலுசைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைக்கும் பழக்கம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. பேண்டு இருந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தை வெறுங்கையால் பொறுக்கினால், விரலில் இருக்கும் தங்கம் கண்ணெதிரே வெளுத்துவிடும். பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடுகிறது. அதைத் துடைத்தும் எடுக்க முடியாது, வீட்டில் சூடாக்கவே கூடாது. அந்தப் புகை நஞ்சு. பிளீச்சிங் பவுடர் போடும் நாளில் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கிரைண்டர் கழுவும்போதும், ஓடும் பஸ்ஸின் படியில் கம்பியைப் பிடித்து ஏறும்போதும் மோதிரம் மாட்டிக்கொண்டு விரலின் சதையையே உரித்துக்கொண்டு போன விபத்துகள் உண்டு.

வாசலில் வந்து நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்பவர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டியின் வளையல்களை ஏதோ திரவத்தில் முக்கி எடுத்துக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தன. ஆறு பவுன் நகை ஐந்து பவுனாகத் திரும்பி வந்தது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒன்றுக்கு மூன்றாகச் சேர்ந்த ராஜ திராவகம் தங்கத்தையே கரைக்கும். கரைந்த தங்கம் அந்தக் குவளையிலேயே இருக்கும், குவளை அவர்களோடு போய்விடும். தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

பெட்டியில் வைப்பதற்கு முன் நான் இரண்டு காரியம் செய்கிறேன். கல் வைத்த நகையைக் காதருகே பிடித்து விரலால் சுண்டுவேன். கல் ஆடினால் கிணுகிணுவென்று சின்னச் சத்தம் கேட்கும். பிறகு பஞ்சின் மேல் மெல்ல இழுப்பேன்; கொக்கி தூக்கியிருந்தால் இழை மாட்டும். இரண்டில் எது நடந்தாலும் அது பட்டறைக்குப் போக வேண்டிய நகை. ஒவ்வொன்றும் தனித்தனிப் பருத்திப் பையில். கடையில் சுற்றிக்கொடுக்கும் ரோஸ் தாளை எடுத்துவிடுவேன். ஈரம் பட்டால் சாயம் முத்தில் ஏறிவிடும்.

பத்தர் மோதிரத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி எடை போட்டுக் காட்டிவிட்டு, அம்மாவிடம் நேரே கொடுத்தார். அம்மா அதைப் போடவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்கே வெட்டினாய் தம்பி?" என்று கேட்டார். பத்தர் மோதிரத்தை வாங்கி, வாயருகே கொண்டுபோய் ஒரு தடவை ஊதினார். படிந்த மூச்சு ஆவி மெல்ல விலகும்போது, பழைய தங்கத்துக்கும் புதிய தங்கத்துக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

அம்மா மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். கணுவில் ஒரு சின்னத் தடை, பிறகு இறங்கி உட்கார்ந்தது. உடனே கழற்றினார். மறுபடி போட்டார். ஆட்டோ வீட்டுக்கு வந்து சேரும்வரை, மடியில் கையை வைத்துக்கொண்டு, கழற்றுவதும் போடுவதுமாகவே இருந்தார்.